பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டேன்; மகனைக் கால்பந்து கழகத்திலிருந்து விலக்கலாமா?

கேள்வி: வலங்கைமான் அருகே விவசாயம் செய்கிறேன். என் மகனுக்கு 14 வயது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கும்பகோணத்தில் ஒரு தனியார் கால்பந்து கழகத்தில் பயிற்சி பெறுகிறான். மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் ஒன்றரை லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற பத்திரத்தில் சேர்க்கையின்போது நானும் அவனும் கையெழுத்திட்டோம். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இரண்டின் அசலும் அவர்களிடம் உள்ளன. பயிற்சியாளர் பிள்ளைகளைக் குச்சியால் அடிக்கிறார். அதை நான் தட்டிக் கேட்ட நாளிலிருந்து என் மகனைப் போட்டிகளில் இறக்குவதில்லை. இப்போது அவரே ஒருவரை அழைத்துவந்து, வெளிமாநில அகாடமியில் செலக்‌ஷன் உறுதி என்கிறார். 60,000 ரூபாயும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் கொடுத்துப் பையனை அந்த நபருடன் அனுப்ப வேண்டுமாம். விலகினால் வழக்குப் போடுவார்களா? அவனுடைய ஆட்டம் வீணாகிவிடுமா?

பதில்: தாராளமாக விலக்கலாம். ஆனால் வேறு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதை வாங்கிய நாளில் பள்ளிப் பதிவேட்டிலிருந்து மகனின் பெயர் நீக்கப்படும். வெளிமாநிலத்தில் நான்கு நாள் ஓடவைத்துப் பார்த்துவிட்டு “உயரம் போதாது” என்று திருப்பி அனுப்பினால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தைய ஆண்டின் நடுவில் அவன் எந்தப் பள்ளியிலும் இல்லாத மாணவனாக ஊர் திரும்புவான். தேர்வாகிவிட்டது என்று அகாடமியே எழுத்துமூலம் தெரிவித்து, அவனைச் சேர்க்கப்போகும் பள்ளியின் பெயரும் உறுதியான பின்னர் கேட்க வேண்டிய சான்றிதழ் அது. அதை முன்கூட்டியே கேட்பவருக்குப் பையன் மீது ஒரு பிடி தேவைப்படுகிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இனி பத்திரம். 18 வயது நிரம்பாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. 1903இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்புக்குப் பின் இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆகவே உங்கள் மகன் இட்ட கையெழுத்து வெறும் மை. நீங்கள் இட்ட கையெழுத்து அப்படியன்று. ஆயினும் ஒன்றரை லட்சம் என்று எழுதியிருப்பதாலேயே அத்தொகையை உங்களிடமிருந்து வசூலித்துவிட முடியாது. அதே சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் குறிப்பிட்ட தொகைக்கு மேற்படாத நியாயமான ஈட்டுத்தொகையை மட்டுமே நீதிமன்றம் வழங்கும். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, போட்டியிலும் இறக்காமல் உட்காரவைத்த ஒரு சிறுவன் விலகியதால் தமக்கு என்ன இழப்பு என்று கழகம் அங்கே விளக்கியாக வேண்டும். அந்த விளக்கத்தைக் கேட்க எனக்கும் ஆவலாக இருக்கிறது.

சிறுவரின் ஒப்பந்தம் செல்லாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பயிற்சியாளரின் நண்பரான யாரோ ஒருவர் அதை அரைகுறையாகச் சொல்லி உங்களை மிரட்டக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒப்பந்தச் சட்டத்தின் 68ஆம் பிரிவு, சிறுவர் ஒருவருக்கு அவரது வாழ்நிலைக்கு ஏற்ற இன்றியமையாத தேவைகளை வழங்கியவர் அதற்கான செலவைத் திரும்பப் பெறலாம் என்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, “விடுதியில் சோறு போட்டோம், ஷூ வாங்கிக் கொடுத்தோம், ஜெர்சி தந்தோம்” என்று நீண்ட பட்டியலை நீட்டுவார்கள். முதலாவதாக, அந்தச் செலவை அச்சிறுவனுடைய சொத்திலிருந்துதான் பெறலாமே தவிர, அவனிடமிருந்து நேராகப் பெற முடியாது. அவன் பெயரில் நிலமோ பணமோ இல்லையென்றால் பெறுவதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவதாக, தகப்பனார் இருந்து, கட்டணமும் கட்டி, வீட்டிலேயே உணவும் உடையும் கிடைக்கும் பையனுக்குக் கழகத்தின் பெயர் அச்சிட்ட ஜெர்சி இன்றியமையாத தேவை என்று வாதிடுவது எளிதன்று. மூன்றாவதாக, கட்டணத்தில் அடங்கியதை இரண்டாம் முறை கேட்க முடியாது. கட்டிய பணத்துக்கு ரசீது இருந்தால் எடுத்து வையுங்கள்; ரசீது தரவில்லையென்றால் ஜிபே, வங்கிக் கணக்கு விவரங்களை அச்செடுத்து வையுங்கள். தாத்தாவின் உயிலால் பேரன் பெயரில் நிலம் வந்திருக்கும் குடும்பங்கள் மட்டும், பட்டியல் எதிலும் கையெழுத்திடுவதற்கு முன் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

அசல் சான்றிதழ்களுக்காகவும் அஞ்ச வேண்டாம். பிறப்புப் பதிவு நடந்த அலுவலகத்தில் விண்ணப்பித்தால் பிறப்புச் சான்றிதழின் நகல் கிடைக்கும். சாதிச் சான்றிதழ் இணையவழியில் பெற்றதாக இருந்தால் இ-சேவை மையத்தில் மீண்டும் அச்செடுக்கலாம். இருந்தாலும், அசல்களை ஏழு நாளில் திருப்பித் தருமாறு பதிவு வசதியுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். பின்னால் புகார் எழுதும்போது அந்தச் சான்று பேசும்.

குச்சியால் அடிப்பது பயிற்சியின் ஒரு பகுதி அன்று. பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. கழகம் பள்ளி இல்லையே என்று அவர்கள் சொல்வார்கள். அதற்குத்தான் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையற்ற துன்பம் விளையும் வகையில் தாக்கினால், 75ஆம் பிரிவின்கீழ் மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுத்திலும் கொடுங்கள். உங்கள் வீடு திருவாரூர் மாவட்டத்தில், மைதானம் தஞ்சாவூர் மாவட்டத்தில். இதை வைத்தே உங்களை இரண்டு மாதம் அலைக்கழிக்க நம் அலுவலகங்களுக்குத் தெரியும். விளையாட்டு அலுவலகம் அது தனியார் கழகம் என்று கைகழுவும். கால்பந்து சங்கம் அக்கழகம் தம்மிடம் இணையவே இல்லை என்னும். காவல் நிலையத்தில் “பையன் எதிர்காலத்தைப் பாருங்கள், பேசி முடித்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் காவல் நிலையம் தகவலைப் பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. அந்த எண்ணைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். டீக்கடை நடத்துவதற்குக்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டிய நாட்டில், முப்பது பிள்ளைகளை விடியற்காலை இருட்டில் அழைத்துப்போக ஒரு விசிலும் ஒரு பை நிறையப் பந்தும் போதும் என்று விட்டுவைத்திருக்கிறோம்.

இப்போது பயிற்சியாளர் அழைத்துவந்த அந்த நபர். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியவர் இவர்தான். பொங்கல் விடுமுறையிலும் மே மாதத்திலும் நடக்கும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) போட்டிகளின் ஓரத்தில் இத்தகையவர்கள் நிற்பார்கள். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் எந்த மாதம் கணக்கில் ஏறும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். உறுதியான செலக்‌ஷன் என்று ஒன்று கால்பந்தில் கிடையாது. தகுதியைப் பார்த்து எடுக்கும் அகாடமி, பார்ப்பதற்கு முன்பே இடத்தை விற்காது. அந்த 60,000 ரூபாயில் ஒரு பங்கு பயிற்சியாளருக்குப் போகிறதா என்று நான் சொல்லமாட்டேன். அடித்ததைத் தட்டிக் கேட்டதும் பையனை ஓரத்தில் உட்காரவைத்தவர், திடீரென்று அவனுக்கு வெளிமாநில வாய்ப்பைத் தேடிக் கொண்டுவந்த காரணத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவர் தம்மை ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டால், உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா வழங்கிய உரிம எண்ணைக் கேளுங்கள். 18 வயதுக்குட்பட்ட ஆட்டக்காரரைப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இன்றி ஏஜென்ட் அணுகவே கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. அடுத்த கட்டம் ஸ்பெயின், போர்ச்சுகல் என்று பேசுவார். சில குறுகிய விலக்குகள் தவிர, 18 வயதுக்குக் கீழ் ஒருவரை வெளிநாட்டுக் கழகத்துக்கு மாற்றிப் பதிவு செய்ய முடியாது. வயதை இரண்டு ஆண்டு குறைத்து இன்னொரு பிறப்புச் சான்றிதழ் எடுத்துத் தருவதாகவும் சொல்வார். மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கும் முறை இருக்கிறது. அதில் பிடிபட்டுத் தடை பெறுவது உங்கள் பிள்ளை, அவரல்லர். தேசியப் போட்டிச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி கிடைக்கும் என்பது இன்னொரு வலை. அங்கீகாரமில்லாத ஏதோ ஓர் அமைப்பு நடத்தும் “அகில இந்திய” போட்டியின் சான்றிதழ், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட மட்டும் உதவும்.

கழகத்தின் பெயர்ப்பலகையில் “அரசு பதிவு பெற்றது” என்று இருக்கும். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாளரிடம் கட்டணம் கட்டிப் பெற்ற எண் அது. பயிற்சியாளருக்குத் தகுதி உண்டா, பிள்ளைகள் அங்கே பத்திரமாக இருப்பார்களா என்பதை அந்த எண் ஒருபோதும் சொல்லாது. கேட்க வேண்டியவை வேறு: பயிற்சியாளரிடம் அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பின் டி லைசென்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட லைசென்ஸ் இருக்கிறதா? உங்கள் மகன் பெயர் கூட்டமைப்பின் இணையப் பதிவில் ஏறியிருக்கிறதா? பல கழகங்கள் பதிவே செய்யாமல், “என்.ஓ.சி. (வேறு கழகத்துக்கு மாறுவதற்கான தடையின்மைச் சான்று) தரமாட்டோம்” என்று மிரட்டுகின்றன. விடுதி நடத்தினால், 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் எங்கே? வெளியூர்ப் போட்டிக்குப் போனால் இரவில் பிள்ளைகளுடன் தங்கும் பெரியவர்கள் யார் யார்? பயிற்சியாளரும் சிறுவரும் ஒரே அறையில் படுப்பது எந்தக் காரணத்தாலும் ஏற்கத்தக்கதன்று. அறைக்கு வாடகை மிச்சம் என்ற பேச்சையும் கேட்காதீர்கள்.

நீங்கள் அப்படி எதையும் எழுதவில்லை. எனினும் பெண் பிள்ளைகளோ ஆண் பிள்ளைகளோ தகாத தொடுதலைப் பற்றிச் சொன்னால், அது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். அங்கே சமரசம் என்ற பேச்சே இல்லை. தெரிந்தும் தகவல் தராத பெரியவருக்கு ஆறு மாதம் வரையிலும், தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்ததை மறைத்த நிர்வாகிக்கு ஓராண்டு வரையிலும் சிறை உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது வழக்கு வராது.

போட்டியில் இறக்காததற்கு எதிராக எந்தச் சட்டமும் துணைவராது. அதை உள்ளபடி ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஆட்டம் வீணாகாது. குறுவட்டம் தொடங்கி வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறும் பள்ளிப் போட்டிகளுக்கும் முதலமைச்சர் கோப்பைக்கும் கழகத்தின் கடிதம் தேவையில்லை. பள்ளியின் வழியாகவே விளையாடலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வுக்கும் தரகர் தேவையில்லை. இந்த வாரமே உடற்கல்வி ஆசிரியரைப் பார்த்து, 17 வயதுக்குட்பட்டோர் அணிக்கு மகனின் பெயரைக் கொடுத்துவிடுங்கள். அந்த நபருக்கு ஏற்கெனவே முன்பணம் எதையாவது தந்திருந்தால், அதைத் திருப்பிக் கேட்கும் செய்தியைத் தொலைபேசியில் பேசாமல் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள்.