வாசகர் கேள்வி - பதில்: பின்பலகை இற்றுப்போன மோட்டார் படகு

கேள்வி: 16 அடி ஃபைபர் படகு வாங்கியிருக்கிறேன். எஞ்சின் மாட்டும் பின்பலகையை (இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே மரம் வைத்தது) தட்டினால் ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் மந்தமாகவும் ஒலிக்கிறது. நாலைந்து துளை போட்டு உள்ளே எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் ரெசின்) ஊற்றினால் மரம் கெட்டிப்பட்டுவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: நம்ப வேண்டாம். ஈர மரம் ரெசினை உறிஞ்சாது. ஊற்றியது கிடைத்த சந்தில் போய்க் கட்டியாக உறையும், சுற்றியுள்ள இற்ற மரம் அப்படியே இருக்கும். எஞ்சினின் எடையும் தள்ளும் விசையும் அந்த மரத்தின் மேல்தானே விழுகின்றன? எடை தாங்காத பெட்டி மூடி போன்ற இடங்களில், மரம் முழுக்கக் காய்ந்திருந்தால், இந்த வைத்தியத்தை மன்னிக்கலாம்.

முதலில் அழுகல் எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கள். படகின் உட்புறத்திலிருந்து 4 மி.மீ. பிட்டால், வெளிச்சுவரைத் தொடாமல், கையளவு இடைவெளியில் துளையிடுங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்த சுருள் வந்தால் மரம் நலம். கறுத்த, பிசுபிசுத்த தூள் வந்தால் அந்த இடம் போய்விட்டது. தண்ணீர் வடியும் துளையைச் சுற்றியும் எஞ்சின் போல்ட்டுகளுக்குக் கீழேயும் கட்டாயம் பாருங்கள், பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். இன்னொரு சோதனை: எஞ்சினைச் சற்றுத் தூக்கி நிறுத்தி அதன் அடிமுனையை மேலும் கீழும் அசைக்கும்போது பின்பலகையின் மேல்விளிம்பு கூடவே வளைகிறதா? வளைந்தால் அந்தப் படகை ஓட்டாதீர்கள்.

கேள்வி: பின்பலகையை முழுவதும் மாற்றுவது எப்படி?

பதில்: எஞ்சினை இறக்கியதும் பழைய பலகையின் மொத்தத் தடிமனை அளந்து எழுதி வையுங்கள். பெரும்பாலும் 38 முதல் 45 மி.மீ. வரை இருக்கும். ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்து, பலகை தட்டையா வளைவா என்றும் பாருங்கள். மரத்தை எடுத்தபின் மெல்லிய வெளிச்சுவர் தொய்ந்துவிடும். அதனால் வெளியிலிருந்து இரண்டு கட்டைகளை முட்டுக் கொடுத்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும்.

விளிம்பிலிருந்து 50 மி.மீ. உள்ளே தள்ளி, உட்பக்க ஃபைபர் தோலை மட்டும் கிரைண்டரால் வெட்டி உரியுங்கள். மக்கிய மரம் கையோடு வரும், நல்ல மரம்தான் உளிக்கு வேலை வைக்கும். விளிம்பின் அடியில் ஒளிந்திருப்பதையும் சுரண்டி எடுங்கள். பிறகு வெளிச்சுவரின் உட்பக்கத்தை 40 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மின்விசிறி போட்டு நன்றாகக் காய விடுங்கள். கண்ணாடி இழைத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. துணி கட்டிக்கொண்டால் போதாது, ஃபில்டர் உள்ள முகமூடி வேண்டும்.

அட்டையில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பார்த்தபின், 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டு வெட்டுங்கள். பழைய தடிமனுக்குக் குறைந்தால் மெல்லிய பிளைவுட் ஒன்று சேருங்கள். பின்பலகை தட்டை என்றால் மேசையிலேயே ஒட்டிவிடலாம். வளைவு என்றால் ஒவ்வொன்றாகப் படகில் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். வெட்டுமுகங்கள் தண்ணீரைக் குடிப்பது போலவே ரெசினையும் குடிக்கும். அவற்றுக்கு மூன்று பூச்சாவது தேவை.

ஒட்டும்போது முதலில் வெறும் எபாக்ஸியை மரத்திலும் சுவரிலும் பூசி ஊற விடுங்கள். அதன்மேல் சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியைப் பல்கரண்டியால் பரப்புங்கள். எவ்வளவு தேவை? 1 மி.மீ. இடைவெளிக்குச் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 1.5 மீட்டருக்கு 0.6 மீட்டர் பலகையில் சராசரியாக 2 மி.மீ. இடைவெளி இருந்தால் 1.8 லிட்டர். பாதியில் தீர்ந்துபோய்த் தவிப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். மொத்தத்தையும் ஒரே வாளியில் கலந்தாலும் ஆபத்து: சூடேறிப் புகைந்து நிமிடங்களில் உறையும். சிறிது சிறிதாகக் கலந்து அகலத் தட்டில் கொட்டி வேலை செய்யுங்கள்.

கிளாம்ப்பை நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கினால் காற்று வெளியேறும். ஓரமெங்கும் பசை பிதுங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் இறுக்கினால் பசையெல்லாம் வெளியேறி இணைப்பு வறண்டுபோகும்.

மூலைகளில் பட்டி (கெட்டியாக்கிய எபாக்ஸி) வைத்து வளைவாக்குங்கள், கூர்மூலையில் இழைத்துணி படியாமல் காற்று தங்கும். விட்டுவைத்த விளிம்பை 12-க்கு 1 சரிவில் தேயுங்கள். தோல் 4 மி.மீ. என்றால் சரிவு ஏறத்தாழ 50 மி.மீ. வரும். பிறகு குறுக்கிழைத் துணி (இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் கண்ணாடி இழைத்துணி) மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட 40, 50 மி.மீ. தள்ளிப் பரவட்டும்.

கேள்வி: பாலியஸ்டர் ரெசின் மலிவாயிற்றே, அது ஆகாதா?

பதில்: ஆகும். பல படகுகள் அதில்தான் கட்டப்பட்டன. ஆனால் மரத்தோடும் பழைய ஃபைபரோடும் ஒட்டும் பலம் எபாக்ஸிக்கே அதிகம். பழுதுவேலையில் பிடிப்புதான் எல்லாம். பாலியஸ்டரில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் வரை ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்), வெப்பத்தைப் பொறுத்துக் கூட்டிக் குறைக்கலாம். எபாக்ஸியில் அந்த விளையாட்டு கூடாது. டப்பாவில் போட்ட விகிதம் தப்பினால் என்றைக்கும் பிசுபிசுப்பாகவே நிற்கும். சாதாரண நறுக்கிழை மேட்டையும் (நறுக்கிய கண்ணாடி இழைகளை ஒட்டிச் செய்த விரிப்பு) எபாக்ஸியோடு சேர்க்காதீர்கள். அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரினில்தான் கரையும். எபாக்ஸி இறுகியபின் மேலே மெழுகுபோல் ஒரு படலம் வந்தால், தண்ணீரால் கழுவிய பிறகே தேய்க்க வேண்டும்.

கேள்வி: தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்களும் மக்கிவிட்டன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிவிடலாமா?

பதில்: கூடாது. படகின் வடிவத்தைப் பிடித்திருப்பதே அவைதான். படகைச் சமமட்டத்தில் பல இடங்களில் தாங்கி நிறுத்தி, ஒரு சட்டத்தை எடுத்து, புதியதை வைத்து இறுகியபின் அடுத்ததைத் தொடுங்கள். எஞ்சின் உள்ளே இருக்கும் படகென்றால், அது அமரும் இடங்களின் உயரத்தை வெட்டுவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். புதிய சட்டத்தின் அடிவிளிம்பு ஓட்டில் (படகின் ஃபைபர் அடிச்சுவரில்) நேராக இடிக்கக் கூடாது. பட்டிப் படுக்கையில் உட்கார வேண்டும். இல்லையென்றால் அந்தக் கோட்டில் ஓடு விரியும். தரைக்கு அடியில் மிதப்புக்காக அடைத்த நுரை (ஃபோம்) நீர் ஊறியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அது காயாது. சட்டங்களின் அடியில் தண்ணீர் பின்னோக்கி ஓட வழி விட்டு, அந்தத் துளைகளின் உட்புறத்தையும் ரெசினால் மூடுங்கள்.

கேள்வி: மரைன் பிளைவுட் போட்டால் இனி மக்காதுதானே?

பதில்: மக்கும். அதன் சிறப்பு நீரில் விடாத பசையும் உள்ளே ஓட்டையில்லாத அடுக்குகளும்தான். மரம் மரமேதான். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. அதனால் தண்ணீர் நுழையும் வழியை அடைப்பதே வேலை. கடல்நீரைவிட உள்ளே தேங்கும் மழைநீர்தான் மரத்தை வேகமாக அழிக்கும்.

கேள்வி: எஞ்சின் போல்ட்டுகளைச் சிலிக்கான் தடவி மாட்டலாமா?

பதில்: வேண்டாம். சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டோ ரெசினோ ஒட்டாது. 12 மி.மீ. போல்ட்டுக்கு 18 மி.மீ. துளையிட்டு, கெட்டி எபாக்ஸியால் முழுக்க அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் 12 மி.மீ. துளையிடுங்கள். தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. சீலன்ட்டாக பாலியூரித்தேன் நல்லது. அதிலும் நிரந்தரமாக ஒட்டும் ரகத்தைத் தவிருங்கள். எஞ்சினை மறுபடி கழற்றும்போது ஃபைபரும் சேர்ந்து உரிந்து வரும்.