ஈய எழுத்திலிருந்து இணையத்துக்கு

கேள்வி: அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தேன்; கணினி வந்ததும் அதில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. வேலையைக் கற்றுக்கொண்டு கடை வைத்தேன். இப்போது 58 வயதில் கடையில் வேலை குறைந்துவிட்டது. யூடியூப் சேனல் தொடங்கினால் வருமானம் வருமா?
– வாசகர், சிவகாசி

பதில்: வரும், ஆனால் வீட்டுச் செலவுக்கு அதை நம்பி இறங்க வேண்டாம். 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்த பிறகே நீண்ட காணொளிகளுக்கான விளம்பர வருவாயில் பங்கு கேட்க முடியும். அந்தப் பங்கு 55 விழுக்காடு. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். இதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கைத்தொழிலை நீங்கள் ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் அறிந்து, பக்கத்தை அழகாக அமைக்கத் தெரிந்தவர்கள் இன்று அரிது. சொந்தச் செலவில் நூல் வெளியிடுவோருக்கும், அமேசானின் கிண்டில் தளத்தில் தமிழ் மின்னூல் ஏற்றுவோருக்கும் மெய்ப்புத் திருத்தி, பக்கம் வடிவமைத்துத் தரலாம். பழைய எழுத்துருக்களில் கிடக்கும் கோப்புகளை, இன்று கணினியிலும் கைபேசியிலும் பொதுவாகப் பயன்படும் யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றித் தருவதும் கூலி கிடைக்கும் வேலையே. பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். கட்டி ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். சேனலை மாலை நேரத்தில் நடத்துங்கள். ஈய எழுத்துக் கோத்த கதையையே முதல் காணொளியாகச் சொன்னால், நான் பார்ப்பேன்.