பிக்அப் வண்டியின் மைலேஜ் குறைந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

முன்பு லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த பிக்அப் இப்போது 11-க்கு இறங்கிவிட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். முதலில் சக்கரத்தைப் பாருங்கள்.

நான் கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்கு மீன் ஏற்றிப் போகிறேன். என் வண்டியிலும் இப்படித்தான் மைலேஜ் இறங்கியது. ஒரு பட்டறையில் இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) கோளாறு என்றார்கள். செலவு செய்தேன், பலனில்லை. கடைசியில் பின்சக்கர பிரேக்தான் காரணம் என்று தெரிந்தது. ஐஸ் உருகி, மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. லீவரை இறக்கினாலும் பிரேக் ஷூ, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை விட்டு முழுசாக விலகவில்லை. மாதக்கணக்கில் பிரேக் பிடித்தபடியே ஓட்டியிருக்கிறேன்!

உங்கள் வண்டியில் இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கேதான் பிடிக்கிறது. சந்தேகமிருந்தால் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள்; இறுக்கமாகச் சுற்றினால் பிரேக் பிடிக்கிறது. மீன், உப்பு ஏற்றுபவர்கள் லோடு இறக்கியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுவது நல்லது.

அடுத்தது டயர். காற்று குறைந்தால் டயர் அதிகமாக நசுங்கி உருளும், அதற்கு டீசல் செலவாகும். காலையில் டயர் சூடாவதற்கு முன்பே பாருங்கள். லோடுக்கு ஒரு அளவு, காலி வண்டிக்கு ஒரு அளவு என்று கம்பெனியே கொடுத்திருக்கும்.

அப்புறம் வேகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலி வண்டிதானே என்று 80-ல் விரட்டுவோம். 60-ல் போவதைவிட காற்றின் தடை ஏறக்குறைய 1.8 மடங்கு. உயரமான கூண்டும் படபடக்கும் தார்ப்பாயும் இருந்தால் இன்னும் மோசம். திரும்பும்போது தார்ப்பாயை அவிழ்த்து மடித்துப் போட்டுவிடுங்கள். துறைமுகத்தில் மீன் ஏலம் முடியும்வரை இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பதும் வேண்டாம். ஏர் ஃபில்டர், அதிக பாரம் பற்றி உங்களுக்கே தெரியும்.

கணக்கிலும் ஒரு விஷயம். புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்பதால் எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டிப் போட்டுக்கொள்கிறோம், சில நாள் கடலூரிலேயே போடுகிறோம். "ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை கிலோமீட்டர்" என்று பார்த்தால் மைலேஜ் ஏறி இறங்குவது போலத் தெரியும், ஏனென்றால் இரண்டு இடத்திலும் ஆயிரத்துக்கு வரும் லிட்டர் வேறு. டேங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, சில நாள் ஓட்டிவிட்டு அதே பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிப் பார்த்தும் 11-தான் வருகிறது, சக்கரமும் சரியாக இருக்கிறது என்றால் மட்டும் இன்ஜெக்டரைக் காட்டுங்கள்.