வாசகர் கேள்வி–பதில்: வரைபடத்தில் இல்லாத போலந்து

கேள்வி: போலந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலக வரைபடத்திலேயே இல்லை என்று படித்தேன். நாடே இல்லாத நிலையில் அந்த மக்கள் தங்கள் மொழியையும் அடையாளத்தையும் எப்படிக் காப்பாற்றிக்கொண்டார்கள்?
– வாசகி, காரைக்குடி

பதில்: தாங்கள் படித்தது சரியே. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய அண்டை அரசுகள் 1772-இல் தொடங்கி 1795-க்குள் மூன்று தவணைகளில் போலந்தைப் பங்குபோட்டு முடித்தன. நெப்போலியன் காலத்து வார்சா சிற்றரசு போன்ற அரைகுறை ஏற்பாடுகளை விட்டுவிட்டால், 1918 நவம்பர் வரை 123 ஆண்டுகள் அந்த மக்களுக்குச் சொந்த நாடு இல்லை.

பழியை முழுவதும் அண்டை நாட்டார் தலையில் கட்டுவதற்கில்லை. பிரபுக்கள் கூடி மன்னரையே தேர்ந்தெடுத்த அந்த நாட்டின் நாடாளுமன்றத்தில், ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து மறுப்புச் சொன்னால் கூட்டத்தொடரே கலைந்துவிடும் என்றொரு விதி இருந்தது. எனவே, அந்த நாட்டை முடக்க நினைத்தவர்கள் ஓர் உறுப்பினரை விலைக்கு வாங்கினாலே போதுமானதாயிற்று. இந்தக் கேட்டை ஒழித்த 1791 மே 3-ஆம் நாள் அரசியலமைப்புச் சட்டம் காலங்கடந்தே வந்தது.

மொழியைக் காத்தது எது என்று கேட்டால், பலரும் 1830, 1863 ஆகிய ஆண்டுகளில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக வெடித்த கிளர்ச்சிகளையே சொல்வார்கள். வீரத்தில் குறையில்லை, ஆனால் இரண்டும் தோற்றன, ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் அடக்குமுறை கூடியது. உண்மையான காவல் வீட்டிலும் வகுப்பறையிலும் நடந்தது என்பதே என் கருத்து. பிற்காலத்தில் மேரி கியூரி என்று உலகம் அறிந்த மரியா ஸ்க்வொதோவ்ஸ்கா வார்சாவில் படித்த பள்ளியில், போலந்து வரலாறு போலிஷ் மொழியிலேயே திருட்டுத்தனமாகக் கற்பிக்கப்பட்டது. ரஷ்ய ஆய்வாளர் வருவதை மணியோசை காட்டிக்கொடுத்ததும் புத்தகங்கள் மறைந்துவிடும்; அவர் உள்ளே நுழையும்போது சிறுமிகள் தையல் வேலையில் மூழ்கியிருப்பார்கள். ஜார் மன்னர்களின் பெயர்களை ரஷ்ய மொழியில் ஒப்பிக்கும் பொறுப்பு, நன்றாகப் படிக்கும் மரியாவின் மேல்தான் விழும். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைக்கப்பட்டிருந்ததால், பின்னர் அவரும் அவருடைய அக்காவும் 'பறக்கும் பல்கலைக்கழகம்' என்ற இரகசிய வகுப்புகளில் சேர்ந்தார்கள்; போலீசுக்குப் பயந்து அந்த வகுப்புகள் வீடு மாற்றி வீடு நடந்தன.

பிரஷ்யப் பகுதியில் போராட்டம் வெளிப்படையாகவே நடந்தது. 1901-இல் வ்ஜெஷ்னியா என்ற சிற்றூரில், சமயப் பாடத்தையும் ஜெர்மன் மொழியில் படிக்க வேண்டும் என்ற உத்தரவுக்குப் பணிய மறுத்த குழந்தைகளுக்குப் பிரம்படி கிடைத்தது. தட்டிக்கேட்ட பெற்றோர் சிறைக்குப் போனார்கள். ஆஸ்திரியப் பகுதியில் மட்டும் 1860-களுக்குப் பிறகு பிடி தளர்ந்து, கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் போலிஷ் மொழியிலேயே பாடம் நடந்தது. ஆள்வோர் ஒருபுறம் ஆர்த்தடாக்ஸ், மறுபுறம் புராட்டஸ்டன்ட் என்றிருந்ததால், கத்தோலிக்கத் திருச்சபையும் அடையாளத்தின் அரணாயிற்று. அந்த அரணுக்கு வெளியே, பல நூற்றாண்டுகளாக அதே மண்ணில் வாழ்ந்த யூதர்கள் நின்றார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

கேள்வி: அவர்களுடைய முக்கியமான பண்டிகை எது?
– வாசகர், நாமக்கல்

பதில்: டிசம்பர் 24 இரவு விருந்து. வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே பந்தியில் அமர்வார்கள். மேசை விரிப்புக்கு அடியில் சிறிது வைக்கோல் இருக்கும். மெல்லிய வெள்ளை அப்பத்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் ஒடித்துத் தின்று வாழ்த்திக்கொண்ட பிறகு, பீட்ரூட் சூப், கெண்டை மீன் என்று இறைச்சியில்லாத பன்னிரண்டு வகைகள் வரும். எதிர்பாராத விருந்தாளிக்காக ஒரு தட்டு கூடுதலாக வைப்பதும் வழக்கம்.

கேள்வி: இந்தியாவோடு அவர்களுக்குத் தொடர்பு ஏதும் உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்டு. இரண்டாம் உலகப் போரில் சோவியத் அரசு நாடுகடத்திய போலந்துக் குடும்பங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு, 1942-இல் நவாநகர் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங் குஜராத்தின் பாலாசடியில் அடைக்கலம் கொடுத்தார். இன்று வார்சாவில் 'நல்ல மகாராஜா' பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு: ரமண மகரிஷியிடம் வந்து சேர்ந்து உமாதேவி என்று அழைக்கப்பட்ட வாண்டா தினோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி, பகவத் கீதையைப் போலிஷ் மொழியில் பெயர்த்ததோடு, சென்னையில் போலந்து–இந்திய நூலகம் என்ற பெயரில் ஒரு நூல் வெளியீட்டு முயற்சியையும் தொடங்கி நடத்தினார்.