லொறிச் சாரதிகளின் கேள்விகள்: தராசு, பெர்மிட், சோதனைச் சாவடி

பெரும்போக அறுவடை தொடங்கியதும் கந்தளாய் வீதியில் லொறிகள் வரிசை கட்டுகின்றன. கேள்விகளும் அதே வேகத்தில் வந்து குவிகின்றன. பாரம் ஏற்றச் சொல்பவர் ஒருவர், வழியில் மறிபட்டு நிற்பவர் இன்னொருவர். அதனால் பதில்களைச் சாரதியின் பக்கம் நின்றே எழுதுகிறேன்.

ஐயா, ரிப்பர் லொறியில் ரெண்டு கியூப் மணல்தான் ஏற்றினேன். பெர்மிட்டிலும் ரெண்டு கியூப்தான். பிறகு எப்படி ஓவர்லோட் என்கிறார்கள்? (கிண்ணியா)

பெர்மிட் சொல்வது கன அளவை, தராசு சொல்வது எடையை. ரெண்டும் வேறு கணக்கு தம்பி. ஒரு கியூப் என்றால் 100 கன அடி. காய்ந்த மணலாக இருந்தால் அது ஏறக்குறைய நாலரைத் தொன் வரும். ஆற்றிலிருந்து அள்ளித் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏற்றினால் ஐந்தரைத் தொன் வரைக்கும் போகும்.

உங்கள் வாகனத்தின் வெற்றுப் பாரம் 6 தொன், அனுமதித்த மொத்தப் பாரம் 16 தொன் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றக்கூடியது 10 தொன். காய்ந்த மணல் ரெண்டு கியூப் என்றால் 9 தொன், தாராளமாகப் போகலாம். மழைக்குப் பிறகு அதே ரெண்டு கியூப் 11 தொன். பெர்மிட் சரியாக இருக்கும், பாரம் பிழையாக இருக்கும். ஈர மணலைக் கொஞ்ச நேரம் குவித்து வைத்து நீர் வடிந்தபின் ஏற்றுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் குறைத்து ஏற்றுங்கள்.

'கொஞ்சம்தானே கூட' என்று முதலாளி சொல்வார். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் தனியாக வீதி போட்டு, லொறிகளை ஓட்டிப் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள். அச்சில் விழும் பாரம் கூடும்போது வீதிக்கு வரும் சேதம் ஏறக்குறைய அதன் நாலாம் அடுக்காக, அதாவது பாரம் கூடிய விகிதத்தை நாலு தடவை எழுதிப் பெருக்கிய அளவுக்கு, கூடுகிறது என்று அதில் தெரியவந்தது. 20 வீதம் கூட ஏற்றினால் சேதம் இரட்டிப்பு. மணல் லொறி போகும் உள்வீதிகள் ஏன் இப்படிக் கிடக்கின்றன என்பதற்கு இதுவே போதும். அந்த வீதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சைக்கிளில் போகிறார்கள்.

நெல் ஏற்றும் இடத்துத் தராசில் ஒரு எடை, மில் தராசில் வேறு எடை. குறைந்த நெல்லுக்கு என் கூலியில் பிடிக்கிறார்கள். என்ன செய்யலாம்? (தம்பலகாமம்)

இந்தக் கேள்விதான் அதிகம் வந்திருக்கிறது. கூலியில் கைவைக்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தராசு. வியாபாரத்துக்குப் பயன்படும் எந்தத் தராசும் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தால் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். லொறித் தராசும் அதற்குள் அடக்கம். முத்திரையைக் காட்டுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை, மரியாதையாகக் கேளுங்கள்.

அப்புறம், லொறி மேடைக்கு ஏறும் விதம். எல்லாச் சக்கரமும் மேடைக்குள் இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, எண் ஆடாமல் நிற்கும்வரை பொறுங்கள். முழுப் பாரம் பார்க்கும்போது கிளீனர் உள்ளே இருந்தால் வெறும் லொறியை நிறுக்கும்போதும் உள்ளே இருக்க வேண்டும். இடையில் 100 லீற்றர் டீசல் அடித்தால் அதுவே 84 கிலோ அளவுக்கு எடையை மாற்றும். நனைந்த தறப்பாள், சக்கரத்துச் சேறு எல்லாம் கணக்கில் வரும். வெற்றுப் பாரத்தைப் பழைய துண்டிலிருந்து எடுத்துப் போடவே விடாதீர்கள். இறக்கியவுடன் அதே மேடையில் நிறுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஈரம். கொள்வனவுக்கு நெல்லின் ஈரப்பதன் 14 வீதம் என்பது வழக்கமான அளவு. 20 வீத ஈரத்தோடு 1000 கிலோ ஏற்றினால், 14 வீதத்துக்குக் காய்ந்ததும் அது 930 கிலோதான். போன 70 கிலோவும் தண்ணீர். யாரும் திருடவில்லை, நீங்களும் திருடவில்லை. அதனால் ஏற்றும் இடத்திலேயே நாலைந்து மூடையில் குத்தி நெல் எடுத்து, ஈரமானியில் பார்த்து, எடையையும் ஈரத்தையும் ஒரே துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மில்லிலும் அப்படியே. மீற்றரும் பார்க்காமல் மூடைக்கு இத்தனை கிலோ என்று கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது அநியாயம். அந்தக் கழிவு விவசாயிக்கும் வியாபாரிக்கும் இடையிலான கணக்கு. அதைச் சாரதியின் கூலியில் பிடிக்க எந்த நியாயமும் இல்லை.

மாடு ஏற்ற என்னென்ன கடதாசி வேண்டும்? (மூதூர்)

கால்நடை வைத்திய அதிகாரியின் சுகாதாரச் சான்றும், மாட்டைக் கொண்டுபோவதற்கான அனுமதிப்பத்திரமும். ரெண்டும் மாடு ஏறும் முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும், 'பின்னால் வருகிறது' என்ற பேச்சை ஏற்காதீர்கள். மாட்டின் எண்ணிக்கை, காதுத் தோட்டின் இலக்கம், போகும் இடம் மூன்றையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். நிற்கவும் திரும்பவும் இடமில்லாமல் நெருக்கி ஏற்றாதீர்கள். அந்தச் சீவனுக்கும் நோகும்.

தண்டச்சீட்டு எழுதி லைசன்ஸை வாங்கிவிட்டார்கள். நாளைக்கு ஓடலாமா? (சீனக்குடா)

ஓடலாம். அந்தச் சீட்டே 14 நாளைக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். அதற்குள் தபாற் கந்தோரில் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்ஸை எடுங்கள். 14 நாள் தாண்டினால் இரட்டிப்பு, 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம்.

மகன் அமெரிக்காவில் லொறி ஓடப் போகிறான். அங்கே தராசுக்கும் நிற்க வேண்டும், மரக்கறிச் சோதனைக்கும் நிற்க வேண்டும் என்கிறான். ரெண்டும் ஒன்றா? (உவர்மலை)

இல்லை அம்மா, ரெண்டும் வேறு. தராசு நிலையம் பாரத்துக்கு. மத்திய சட்டப்படி பெருவீதிகளில் மொத்தப் பாரம் 80,000 இறாத்தல், அதாவது 36 தொன் சொச்சம். தனி அச்சுக்கு 20,000, இரட்டை அச்சுக்கு 34,000. மொத்தம் சரியாக இருந்து ஒரு அச்சில் மட்டும் கூடினாலும் மறிப்பார்கள்.

விவசாயச் சோதனை பூச்சியும் நோயும் மாநிலத்துக்குள் வராமலிருக்க. கலிபோர்னியாவுக்குள் நுழையும் வீதிகளில் இப்படி 16 நிலையங்கள் உண்டு, காருக்கும் சேர்த்து. புளோரிடாவில் லொறி வெறுமையாகப் போனாலும் நிற்க வேண்டும். நிற்காமல் போவது குற்றம். தான் சாப்பிட வைத்திருக்கும் தோடம்பழத்தையும் கேட்டால் மறைக்காமல் காட்டச் சொல்லுங்கள்.

மீன் லொறியை மறித்து மீனை வெட்டிப் பார்க்கிறார்கள். எதைத் தேடுகிறார்கள்? (நிலாவெளி)

டைனமைற் அடித்த மீனா என்று பார்க்கிறார்கள். வெளியே மினுமினுப்பாக இருக்கும். வயிற்றைக் கீறினால் காற்றுப்பை கிழிந்து, உள்ளே இரத்தம் கட்டியிருக்கும். முதுகெலும்பு முறிந்திருக்கும். தூக்கிப் பிடித்தால் உடம்பு துவண்டு தொங்கும். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி அப்படிப் பிடித்த மீனைக் கொண்டுபோவதும் குற்றம், பிடித்தவர் மட்டும் மாட்டுவதில்லை. ஐஸ் போட்டு மூடுமுன் ஒவ்வொரு பெட்டியிலும் ரெண்டு மீனை எடுத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்தப் பெட்டியைக் கரையிலேயே விட்டுவிடுங்கள், எந்த முதலாளியின் பெட்டியாக இருந்தாலும்.