பேரன் கேட்டது வாலியின் கேள்விதான்

கேள்வி: விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்திருக்கும் 16 வயதுப் பேரன், எலி முகம் போட்ட ஒரு படக்கதையும் கையுமாகவே முகப்பில் உட்கார்ந்திருக்கிறான். "இதுல வர்ற அப்பா ஹீரோதான், ஆனா மோசமான ஆளும்கூட. உங்க ராமர் வாலியை ஒளிஞ்சு நின்னுதானே அடிச்சார்? அதை மட்டும் ஏன் பேச மாட்டேங்கிறீங்க அப்பத்தா?" என்கிறான். வருஷம் தவறாமல் கம்பன் விழாவுக்குப் போகிறவள் நான். பதில் வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் புத்தகத்தை வாங்கி வைத்துவிடலாமா?
– ஓர் ஆச்சி, காரைக்குடி

பதில்: வாங்கி வையுங்கள் ஆச்சி, நீங்கள் படிப்பதற்கு.

அது 'மவுஸ்' ஆகத்தான் இருக்கும். ஆர்ட் ஸ்பீகல்மன் தன் அப்பா விளாடெக்கின் கதையை வரைந்தது. யூதர்கள் எலிகள், நாஜிகள் பூனைகள். 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட அந்த மனிதர், வயதான காலத்தில் தீக்குச்சிக்குக் கணக்குப் பார்க்கிறார். (நம் பக்கம் இதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள், அது வேறு.) ஆனால் வழியில் ஒரு கறுப்பினத்தவரைக் காரில் ஏற்றிக்கொண்டதற்காக மருமகளிடம் பொருமுகிறாரே, அதை என்னவென்பது? இனவெறிக் காலத்தில் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தவர்! மகன் அதையும் வரைந்துவிட்டார். ஒரு பழைய விஷயத்தை எழுதாதே என்று அப்பா கேட்டு, தான் வாக்குக் கொடுத்ததையும் சேர்த்தே வரைந்திருக்கிறார். மகனும் லேசுப்பட்டவர் இல்லை.

சரி, ராமனுக்கு வருவோம். பேரனுக்கு முன்னாலேயே, மார்பில் அம்பு தைத்துக் கிடக்கும் வாலி கேட்டுவிட்டான். கம்பனும் அவனை மனம்விட்டுக் கேட்க விடுகிறான். "ஓவியத்து எழுத ஒண்ணா உருவத்தாய்" என்று அழகைப் புகழ்ந்துகொண்டே, அரச தருமம் உங்கள் குலத்துச் சொத்தாயிற்றே என்று குத்துகிறான். தம்பி மனைவியைக் கவர்ந்த குற்றத்தை ராமன் எடுத்துச் சொல்கிறான். இருக்கட்டும், வேடரைப் போல மறைந்து நின்று எய்தது ஏன் என்று வாலி விடாமல் கேட்கும்போது, பதில் சொல்வது இலக்குவன். நேரே வந்தால் நீயும் அடைக்கலம் கேட்பாய், அப்புறம் சுக்கிரீவனுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்கிறான். எனக்கு இது சமாளிப்பாகத்தான் படுகிறது. அடைக்கலம் கேட்கிற ஆளா வாலி? சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊரில் இதைப் பேசக் கூச்சம் எதற்கு?

ஆனால் இரண்டும் ஒன்று என்று பேரன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாலி சமாதானமாகி, மகன் அங்கதனை ராமன் கையிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் கண் மூடுகிறான். விளாடெக்கோ கடைசிப் பக்கத்தில், தூக்கக் கலக்கத்தில், எதிரே இருக்கும் மகனைச் செத்துப்போன தலைப்பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அங்கே யாருக்கும் சமாதானம் கிடைப்பதில்லை.

கோவலனையும் விட்டுவிடாதீர்கள். நகரத்தார் பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்றுதானே சொல்லிக்கொள்கிறோம்? முன்னோர் தேடிவைத்த மலையளவு பொருளைத் தொலைத்துவிட்டு, "நாணுத் தரும் எனக்கு" என்று மனைவி முன்னால் நிற்கிற வணிகனை உங்கள் வீட்டுப் பையனுக்குச் சட்டென்று புரியும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வளவில் உட்கார்ந்து, வாலி வதைப் படலத்தை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். சந்தி பிரிக்கத் திணறுவான், நீங்கள் பிரித்துக் கொடுங்கள். எலிப் புத்தகத்தில் இங்கிலீஷ் உங்களுக்கு இடறினால் அவன் சொல்லட்டும்.