கன்றையும் உதைக்கிற மாடு

கேள்வி: எங்கள் கலப்பின ஜெர்சி மாடு மூன்றாம் ஈத்து, கன்று போட்டு இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை சாதுவாக நின்று பால் கொடுத்தது. பத்து நாளாக மடியில் கை வைத்தாலே உதைக்கிறது. கன்றைக்கூட ஊட்ட விடாமல் தள்ளுகிறது. வேளைக்கு ஐந்து லிட்டர் கறந்தது மூன்றாகிவிட்டது. வீட்டுக்காரர் காலைக் கட்டி, நாலு அடி போட்டுத்தான் கறக்கிறார். மாமியார் கண்ணேறு என்கிறார். குணம் கெட்டுவிட்டதா? விற்றுவிடலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, விற்க வேண்டாம். அடிப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கன்றையும் தள்ளுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தகவல். கறக்கிறவரிடம் பயம் என்றால் கன்றுக்காவது நிற்கும். பெற்ற கன்றையே உதறுகிறது என்றால் பெரும்பாலும் மடியில் வலி. இரண்டு ஈத்து சாதுவாக நின்ற மாட்டுக்குப் பத்து நாளில் குணம் கெடாது.

நாளைக் காலை கட்டாமல், பக்கவாட்டில் நின்று, மடியின் நான்கு பாகத்தையும் உள்ளங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். எதைத் தொட்டதும் காலைத் தூக்குகிறது? அங்கே சூடோ கெட்டியோ இருக்கிறதா? ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்புத் துணியில் விடுங்கள். திரிதிரியாகவோ தண்ணீராகவோ வந்தால் மடிநோய். காம்பு நுனியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நான் பார்த்த ஒரு மாடு இடது பின்காம்பைத் தொட்டால் மட்டும் உதைத்தது. நுனியில் கடுகளவு வெடிப்பு, அவ்வளவுதான். அது ஆறியதும் உதை நின்றது. கட்டைவிரலை மடக்கிக் கறக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். காம்பு நசுங்கிப் புண்ணாகும்.

அடித்தால் பால் ஏன் குறைகிறது தெரியுமா? மடியிலிருந்து பாலை இறக்கிவிடுவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். பயந்த மாட்டின் உடம்பில் ஊறும் அட்ரினலின் அதைத் தடுத்துவிடும். மாடு பாலை அடக்கிக்கொள்கிறது என்கிறோமே, அது பிடிவாதம் இல்லை. அப்படி மடியில் தங்கும் பால் மடிநோயை இன்னும் முற்ற வைக்கும்.

கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் உதவி எண் 1962க்கும் அழைக்கலாம். எந்தக் காம்பு என்பதை முதலில் சொல்லுங்கள். ஊசி போட்டால், அவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை விற்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. உதைப்பதோடு தொண்டை கம்மிய குரலில் ஓயாமல் கத்துவது, எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமல் தவிப்பது இருந்தால் வெறிநோயாக இருக்கலாம். ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விட்டுவிடாதீர்கள். தள்ளி நின்று மருத்துவரை அழையுங்கள்.

புண் ஆறிய பிறகும் சில நாள் உதைக்கலாம். வலித்த இடமும் அடித்த ஆளும் மாட்டுக்கு மறக்காது. அதுவரை நீங்களே உட்காருங்கள். தினமும் அதே நேரம், முன்னால் கொஞ்சம் தீவனம், கழுத்தில் நாலு தடவல். மடியில் கை வைப்பது அதற்குப் பிறகு.